இறந்தவர்களுக்குக் கணக்கு எழுதிய துரை

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி என்றால் தொழிற்சாலைகள் நினைவுக்கு வரும். இரும்பு உருக்கும் ஆலைகள், புகைபோக்கிகள், இரவு பகலாக ஓடும் லாரிகள். அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் ஒரு பெரிய ஏரி வரும். உப்பு நீர் ஏரி. அதன் கரையில் ஒரு பழைய ஊர். அதுதான் பழவேற்காடு.

இன்று அது மீனவர் வாழும் ஊர். 400 ஆண்டுகளுக்கு முன்னே அது ஒரு தலைநகரம்!

டச்சுக்காரர்கள் அங்கே 1613-ல் ஒரு கோட்டை கட்டினார்கள். தங்கள் நாட்டில் உள்ள ஒரு மாகாணத்தின் பெயரை வைத்து அதற்குக் ‘கெல்ட்ரியா’ என்று பெயர் சூட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரம் முழுவதும் அந்தக் கோட்டையிலிருந்துதான் நடந்தது.

கோட்டை இன்று இல்லை. புதரும் மேடும் அகழியும்தான் மிச்சம். ஆனால் ஒன்று மட்டும் நிலைத்து நிற்கிறது. அது கல்லறைத் தோட்டம்.

தோட்டத்தின் வாசலில் ஒரு வளைவு. அதில் 1656 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே போகிறவனைப் பார்த்து, நீயும் ஒரு நாள் இப்படித்தான் என்று அவை சொல்வது போல் இருக்கும்.

உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள். அவற்றில் பெயர், ஊர், உத்தியோகம், இறந்த தேதி, குடும்பச் சின்னம். எல்லாம் கல்லில் அழகாகச் செதுக்கியவை.

வாழ்ந்த கோட்டை அழிந்தது. இறந்து படுத்த இடம் நிற்கிறது!

இந்தக் கல்லறைகளை அளந்து, படமாக்கி, புத்தகமாகப் போட்டுவிட்டுப் போனவர் ஒருவர். அவர் பெயர் அலெக்சாண்டர் ரியா. தென்னாட்டில் இறந்தவர்களின் இடங்களை அவரைப் போல் தேடித் தேடிப் பதிவு செய்தவர்கள் மிகச் சிலரே. ஆதிச்சநல்லூரின் பெருமை உலகத்துக்குத் தெரிந்ததும் அவரால்தான்.

யார் இந்த ரியா?

ரியா வெள்ளைக்காரர். ஆனால் கலெக்டர் அல்ல. பட்டாளத்துக்காரரும் அல்ல. புதைபொருள் ஆராய்ச்சி இலாகாவின் அதிகாரி.

1880-களில் அவர் சென்னை ராஜதானிக்கான ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்தார். அப்போது அந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பர்கெஸ் என்ற பெரிய அறிஞர். பர்கெஸ் 1889-ல் விலகிய பிறகு, தென்னாட்டு வேலையின் பெரும் பாரம் ரியாவின் தலையில் விழுந்தது. 1910 வரை அந்தப் பாரத்தை அவர் சுமந்தார்.

அந்த நாளைய சென்னை ராஜதானி எவ்வளவு பெரியது தெரியுமா? வடக்கே ஒரிசாவின் எல்லை. தெற்கே கன்னியாகுமரிக்குப் பக்கம். இன்றைய ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் அதில் அடங்கியிருந்தன. இத்தனை பெரிய நாட்டில் எந்த ஊரில் எந்தக் கோயில் இடிந்து விழுகிறது, எந்த மேட்டில் எந்தப் பானை தலை காட்டுகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

காஞ்சிபுரத்துப் பல்லவர் கோயில்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1909-ல் வந்தது. சாளுக்கியர் கட்டடக் கலை பற்றிய நூல் 1896-ல் வந்தது. இவை பெரிய நூல்கள்தான்.

ஆனாலும் அவர் வாழ்க்கையை ஒரு நூலில் கோத்துப் பார்த்தால், கோயில்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஒரு விஷயம் வருகிறது. அது கல்லறை.

கருவியும் வேலையும்

அந்தக் காலத்தில் பழம்பொருளைப் பதிவு செய்வது எளிதான வேலை அல்ல.

முதலில் அளவு நாடா. சுவரின் நீளம், கல்லின் உயரம், குழியின் ஆழம் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். பிறகு அந்த அளவைச் சுருக்கித் தாளில் படம் வரைய வேண்டும். அதற்கென்றே படம் வரைவோர் இலாகாவில் இருந்தார்கள்.

கல்வெட்டு என்றால் மைப்படி எடுக்க வேண்டும். கல்லைக் கழுவி, ஈரமான தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டுவார்கள். எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் போய்ப் படியும். மேலே மை ஒற்றினால் பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் தெரியும்.

கடைசியாகப் புகைப்படம். இன்று போல் சட்டைப் பையில் வைக்கும் கருவி அல்ல. மரப்பெட்டி போன்ற காமிரா. மூன்று கால் கொண்ட தாங்கி. தலையை மூடிக்கொள்ளக் கறுப்புத் துணி. படம் பதிவது கண்ணாடித் தகட்டில். அந்தக் கண்ணாடித் தகடுகளை உடையாமல் மாட்டு வண்டியிலும் படகிலும் ஏற்றிக் கொண்டு போக வேண்டும். உடையாமல் திரும்பக் கொண்டு வர வேண்டும். ஒரு தகடு கீழே விழுந்தால் ஒரு படம் போயிற்று!

ஏன் இவ்வளவு பாடு? அதற்கு ஒரு பழைய கதை காரணம்.

அமராவதி தந்த பாடம்

கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி என்ற ஊர். அங்கே ஒரு பெரிய பௌத்த ஸ்தூபி இருந்தது. ஸ்தூபி என்பது புனிதர்களின் எலும்பையோ சாம்பலையோ உள்ளே வைத்து மேலே எழுப்பும் கட்டடம். அதுவும் ஒரு வகையில் கல்லறைதான்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இருந்த ஜமீன்தார், புதிய ஊர் கட்டுவதற்காக அந்த மேட்டைத் தோண்டிக் கல் எடுத்தார். செதுக்கிய பளிங்குக் கற்கள் வெளியே வந்தன. பல கற்கள் சுவருக்குப் போயின. சில சுண்ணாம்புக் காளவாய்க்கே போயின!

1798-ல் காலின் மெக்கன்சி என்ற அதிகாரி அதைப் பார்த்தார். 1816-ல் மறுபடியும் போனார். தம்முடைய ஆட்களைக் கொண்டு சிற்பங்களைப் படமாக வரையச் சொன்னார். அந்தப் படங்களில் உள்ள சிற்பங்களில் பல இன்று உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் மெக்கன்சியின் படங்கள் இருக்கின்றன. அந்தத் தாளைப் பார்த்துத்தான் அமராவதி எப்படி இருந்தது என்று இன்று தெரிந்து கொள்கிறார்கள்.

கல் போய்விட்டது, காகிதம் நின்றது. இது வேடிக்கையான விஷயம் அல்லவா? ஆனால் உண்மை.

அதே அமராவதியில் 1905 முதல் சில ஆண்டுகள் ரியாவும் தோண்டினார். ஸ்தூபிக்குப் பக்கத்திலேயே அதற்கும் முற்பட்ட காலத்து ஈமத்தாழிகள் அவருக்குக் கிடைத்தன. ஒரு கல்லறையின் அருகே அதைவிடப் பழைய கல்லறை!

பல்லாவரத்து மண் பேழை

ரியாவின் இந்தப் பயணம் சென்னையின் வாசலிலேயே தொடங்கிவிட்டது.

பல்லாவரம் மலைச் சரிவில் சுட்ட மண்ணால் செய்த ஒரு பேழை அவருக்குக் கிடைத்தது. தொட்டி போன்ற உருவம். அடியில் வரிசையாகக் கால்கள். இறந்தவரின் எலும்புகளை வைத்துப் புதைப்பதற்காகச் செய்த பேழை அது. தென்னாட்டின் பழைய ஈமக்காடுகள் பற்றி 1888-ல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

இன்று பல்லாவரத்துக்கு மேலே விமானம் பறக்கிறது. கீழே மின்சார ரயில் ஓடுகிறது. அந்த மண்ணில் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனிதர்கள் கால் வைத்த பேழைகளில் படுத்திருந்தார்கள் என்பது ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பட்டிப்ரோலு: பெட்டிக்குள் பெட்டி

1892-ல் ரியா ஆந்திரத்தில் பட்டிப்ரோலு என்ற ஊருக்குப் போனார். அங்கேயும் ஒரு ஸ்தூபி. மேற்புறக் கற்களை முன்பே பலர் எடுத்துப் போயிருந்தார்கள். ரியா நடுப்பகுதியைத் தோண்டினார்.

உள்ளே 3 கற்பெட்டிகள் கிடைத்தன. பெட்டிகளில் மிகப் பழைய எழுத்துகள் இருந்தன. ஒரு கற்பெட்டிக்குள் படிகக் கல்லால் ஆன சிமிழ். அதற்குள் சிறு எலும்புத் துண்டு.

எழுத்தை வாசித்தவர் பியூலர் என்ற ஜெர்மன் அறிஞர். அது புத்தரின் உடல் எச்சத்தை வைப்பதற்காகச் செய்த பெட்டி என்று தெரிந்தது. செய்து கொடுத்தவர்களின் பெயரும் இருந்தது. குரன் என்று ஒருவன், அவன் தகப்பன், அவன் தாய். ஒரு குடும்பமே சேர்ந்து செய்த தருமம்!

குரன் ராஜா அல்ல என்று வைத்துக் கொள்ளலாம். அவன் வீடு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் ஒன்றாக நின்று கொடுத்த கொடை 2,000 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

அந்தப் பெட்டியின் எழுத்து இன்னொரு உதவியும் செய்தது. தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள தமிழ்-பிராமி எழுத்தைச் சரியாக வாசிக்க, பிற்காலத்து அறிஞர்களுக்குப் பட்டிப்ரோலு எழுத்து துணை நின்றது. ஒரு கல்லறைப் பெட்டி, தமிழின் பழைய எழுத்துக்கு விளக்குப் பிடித்தது!

அந்த எலும்புத் துண்டு 1920-ல் கல்கத்தாவில் உள்ள மகாபோதி சங்கத்தின் விகாரையில் வைக்கப்பட்டது.

டச்சுக்காரரின் கடைசி வீடுகள்

அடுத்து வந்ததுதான் பழவேற்காட்டுப் புத்தகம்.

1897-ல் ரியா ஒரு பெரிய நூலை வெளியிட்டார். சென்னை ராஜதானியில் டச்சு வியாபாரக் கம்பெனி விட்டுச் சென்ற சின்னங்களைப் பற்றிய நூல் அது. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், மசூலிப்பட்டினம், பீமுனிப்பட்டினம் என்று கடற்கரை ஓரமாக ஊர் ஊராக அந்த நூல் போகிறது. கோட்டை உண்டு. ஆனால் பெரும் பகுதி கல்லறைகள்தான். ஏனென்றால் மிஞ்சியிருந்தவை அவைதான்.

அந்தக் கல்லறைகளில் படுத்திருப்பவர்கள் யார்? வியாபாரத்துக்கு வந்தவர்கள். இங்கே நெய்த துணியை வாங்கி, ஜாவாவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் கொண்டு போய், அங்கே மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கியவர்கள். கொள்ளை லாபம் பார்த்தவர்கள். ஆனால் காய்ச்சலும் வயிற்று நோயும் லாபக் கணக்குப் பார்ப்பதில்லை. கப்பலில் வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை.

அவர்களுக்கு ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். பிறந்த நாட்டை விட்டு இத்தனை தூரம் வந்து செத்தால், யார் நினைப்பார்கள்? அதனால்தான் கல்லில் பெயரை ஆழமாக வெட்டினார்கள். குலச்சின்னத்தைப் புடைப்பாகச் செதுக்கினார்கள்.

1690-ல் டச்சுக்காரரின் தலைமை இடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. பழவேற்காட்டின் மவுசு குறைந்தது. 1825-ல் ஊர் முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கல்லறையில் படுத்திருந்தவர்களின் மொழியைப் படிக்கக்கூட ஊரில் ஆள் இல்லை.

அப்படிப்பட்ட காலத்தில்தான் ரியாவின் நூல் வந்தது. அதற்குப் பிறகு 1905-ல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி, ராஜதானியில் உள்ள கல்லறை எழுத்துகளை எல்லாம் திரட்டி ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். யார், எந்த ஆண்டில் இறந்தார், எந்த ஊரில் படுத்திருக்கிறார் என்று அதில் தேடிப் பார்க்கலாம். கல் தேய்ந்தாலும் பெயர் தேயாதபடி இந்த இருவரும் செய்துவிட்டார்கள்.

கல்லறை இல்லாதவர்கள்

பழவேற்காட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது.

17-ஆம் நூற்றாண்டில் அந்தத் துறையிலிருந்து துணி மட்டும் கப்பல் ஏறவில்லை. மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்ச காலத்தில் பிள்ளைகளை விற்ற ஏழைகள் உண்டு. போரில் பிடிபட்டவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கானவர்களை டச்சுக்காரர்கள் அடிமைகளாக வாங்கிப் பட்டேவியா முதலிய ஊர்களுக்கு அனுப்பினார்கள். பட்டேவியா என்பது இன்றைய ஜகார்த்தா.

வாங்கியவனுக்குக் கருங்கல்லில் சமாதி. விற்கப்பட்டவனுக்கு ஒரு செங்கல்கூட இல்லை!

கல்லறைத் தோட்டம் எல்லாருடைய கதையையும் சொல்வதில்லை. பணம் இருந்தவன் கதையைத்தான் சொல்கிறது. அதைப் படமாக்கியவர்கள் உண்மையைப் படமாக்கினார்கள். ஆனால் முழு உண்மை அந்தப் படத்துக்கு வெளியேயும் இருக்கிறது.

அதே ஊரில் வாழ்ந்த வேறு ஒரு டச்சுக்காரரையும் இங்கே நினைக்கலாம். அவர் பெயர் ஆபிரகாம் ரொகேரியஸ். 1630-களில் பழவேற்காட்டில் பாதிரியாக இருந்தவர். உள்ளூர் பிராமணர்களிடம் கேட்டுக் கேட்டு, இந்நாட்டு வழக்கங்களையும் வழிபாட்டையும் எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு, 1651-ல் அது ஹாலந்தில் புத்தகமாக வந்தது. ஐரோப்பா இந்து சமயத்தைப் பற்றிப் படித்த முதல் விரிவான நூல்களில் அது ஒன்று.

கெல்ட்ரியா கோட்டையின் பீரங்கிகள் போய்விட்டன. பாதிரியார் எழுதிய புத்தகம் நூலகங்களில் இருக்கிறது.

பெயர் இல்லாத 114 ஏக்கர்

ரியாவின் வாழ்க்கையில் மிகப் பெரிய வேலை 1899-ல் தொடங்கியது. இடம் தாமிரபரணிக் கரை. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூர்.

ஆற்றின் தென்கரையில் ஒரு நீண்ட மேடு. மண் கெட்டி, அடியில் பாறை. விவசாயம் செய்ய உதவாத நிலம். சுமார் 114 ஏக்கர். அந்த மேடு முழுவதும் ஈமக்காடு!

பாறையைக் குடைந்து குழி வெட்டி, அதற்குள் பெரிய பெரிய தாழிகளை இறக்கியிருந்தார்கள் அந்தக் கால மனிதர்கள். இவற்றை முதுமக்கள் தாழி என்று சொல்வார்கள். தாழிக்குள் இறந்தவரின் எலும்புகள். பக்கத்தில் அவருக்கு வேண்டிய பொருள்கள்.

1876-லேயே பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் என்பவர் அங்கே தோண்டினார். பானைகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பொருள்கள், மண்டை ஓடுகள் கிடைத்தன. அவற்றைப் பெர்லின் காட்சிசாலைக்குக் கொண்டு போய்விட்டார். நெல்லைச் சீமையின் முன்னோர் கப்பல் ஏறி ஜெர்மனிக்குப் போனார்கள்!

ரியா 1899 முதல் 1905 வரை பல முறை அங்கே தோண்டினார். கிடைத்தவற்றின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

இரும்பு வாள், ஈட்டி முனை, அம்பு முனை. மெல்லிய தகடாக அடித்த வெண்கலச் சல்லடைகள். மூடி மேல் எருமையும் பறவையும் நிற்கும் வெண்கலக் கிண்ணங்கள். ஒரு சிறு வெண்கலப் பெண் உருவம். நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள். சில பானைகளில் நெல் உமியும் தினை வகை உமியும் இருந்தன. துணியின் அடையாளமும் இருந்தது.

உமியைக் கவனியுங்கள். பொன்னை வைத்தவன் பணக்காரன். உமியாக மிஞ்சிய அந்தத் தானியத்தை வைத்தவர் யார்? செத்தவருக்குப் பசிக்குமே என்று நினைத்த யாரோ ஒருவர். தாயாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், மகளாக இருக்கலாம். இன்றும் இறந்தவருக்கு வாய்க்கரிசி போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே!

பழவேற்காட்டில் பெயர் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் ரியா கண்ட தாழிகளில் பெயர் இல்லை. ஆனால் பாசம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பட்டியல் என்ற பொக்கிஷம்

ரியா தாம் கண்டவற்றைச் சென்னை எழும்பூர் காட்சிசாலையில் சேர்த்தார். அந்தக் காட்சிசாலை 1851-ல் தொடங்கியது. ஆதிச்சநல்லூர்ப் பொருள்களை இன்றும் அங்கே பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போனால் அவர்களே பார்த்து வியப்பார்கள்.

பொருளைச் சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அளவு குறித்து, பட்டியல் எழுதினார். செங்கல்பட்டுப் பகுதியில் பெரும்பேர் என்ற ஊரிலும் பழைய ஈமக்காட்டை அவர் தோண்டியிருந்தார். அந்தப் பொருள்களையும் சேர்த்து, படங்களோடு, 1915-ல் சென்னை அரசாங்கம் அந்தப் பட்டியலை நூலாக வெளியிட்டது. அப்போது ரியா வேலையிலிருந்து ஓய்வு பெற்று 5 ஆண்டு ஆகியிருந்தது.

இன்றைய முறைப்படி பார்த்தால் அவர் வேலையில் குறைகள் உண்டு. மண்ணின் அடுக்குகளை இப்போது போல் நுணுக்கமாகப் பிரித்து எழுதும் வழக்கம் அப்போது வளரவில்லை. கரித்துண்டை வைத்துக் காலம் கண்டுபிடிக்கும் முறை 1940-களின் கடைசியில்தான் வந்தது. அதனால் ஆதிச்சநல்லூரின் வயது என்ன என்ற கேள்விக்கு அந்த நாளில் கணக்காகப் பதில் சொல்ல வழி இல்லை.

ஆனால் அவர் எழுதி வைத்தது வீண் போகவில்லை. அதன் பலன் 100 ஆண்டு கழித்துத் தெரிந்தது.

நூறு ஆண்டுக்குப் பிறகு

2004-ல் மத்திய தொல்லியல் துறை மறுபடியும் ஆதிச்சநல்லூரில் தோண்டியது. சத்தியமூர்த்தி என்ற தமிழர் அந்த வேலையை நடத்தினார். 160-க்கு மேற்பட்ட தாழிகள் வெளியே வந்தன. ரியாவின் பட்டியலும் படமும் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருந்தன.

அப்போது எடுத்த மாதிரிகள் பின்னர் அமெரிக்காவில் உள்ள சோதனைக்கூடத்துக்குப் போயின. 2019-ல் முடிவு வெளியானது. அவற்றில் ஒன்று கி.மு. 905 அளவைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அதாவது ஏறத்தாழ 2,900 ஆண்டுகளுக்கு முன்பு! ரியாவால் கூற முடியாத பதிலை ஒரு சிறு கரித்துண்டு கூறியது.

2020-ல் மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில், நாட்டில் சிறப்பாக வளர்க்க வேண்டிய 5 புதைபொருள் இடங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் ஆதிச்சநல்லூரும் ஒன்று. 2023-ல், தோண்டிய குழிகளை அப்படியே வைத்து, மேலே கண்ணாடி போட்டு, மக்கள் நின்று பார்க்கும்படி செய்தார்கள். முன்னோர் படுத்த இடத்திலேயே அவர்களைப் பார்த்து வணங்கலாம்.

ஜெர்மனிக்குப் போன பொருள்களைப் பார்க்க நெல்லைப் பிள்ளைக்கு வழி ஏது? சென்னையில் இருக்கும் பொருளையும், ஆதிச்சநல்லூரில் இருக்கும் குழியையும் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம்.

எது நிற்கிறது?

ரியாவின் வாழ்க்கைக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது.

பொன் நிற்கும் என்பார்கள். பட்டிப்ரோலுவிலும் ஆதிச்சநல்லூரிலும் பொன் நின்றது உண்மைதான். ஆனால் யார் பொன் என்று அது சொல்லவில்லை.

கல் நிற்கும் என்பார்கள். அமராவதியில் கல் சுண்ணாம்பாக வெந்தது. பழவேற்காட்டுக் கல்லும் உப்புக் காற்றில் மெல்ல மெல்லத் தேய்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாப்பு காலத்தைத் தள்ளிப் போடும், காலத்தை நிறுத்தாது.

கோட்டை நிற்கும் என்று டச்சுக்காரர்கள் நினைத்தார்கள். கெல்ட்ரியாவில் இப்போது முள்ளும் புதரும்தான் காவல் காக்கின்றன.

அப்படியானால் எது நிற்கிறது? இருந்தவனைப் பற்றி இருப்பவன் எடுத்து வைக்கும் குறிப்புதான் நிற்கிறது. இறந்தவன் தானே தன்னைக் காப்பாற்றிக் கொள்ள முடியாது. அவன் எவ்வளவு பெரிய கல் வைத்தாலும் முடியாது. பின்னால் வருகிற யாரோ ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். எழுத்தைத் துடைக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். எழுதி வைக்க வேண்டும். அதைத்தான் ரியா ஏறத்தாழ 25 ஆண்டு காலம் செய்தார்.

அவருக்கு டச்சுக்காரர் உறவு அல்ல. ஆதிச்சநல்லூர் மக்கள் இனம் அல்ல. பட்டிப்ரோலுக் குரனின் மதமும் அவர் மதம் அல்ல. ஆனால் மூன்று பேருடைய மிச்சத்தையும் ஒரே நாடாவால் அளந்தார். மரணத்துக்கு முன் எல்லாரும் ஒன்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரியா அதை அளவோடும் எண்ணோடும் எழுதிக் காட்டினார்.

வீட்டிலும் செய்யலாம்

இப்போது பழவேற்காட்டுக்கு விடுமுறை நாளில் நிறையப் பேர் போகிறார்கள். ஏரியில் படகு விடுவார்கள். மீன் வாங்குவார்கள். சிலர் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்க் கைபேசியில் படம் எடுப்பார்கள். கண்ணாடித் தகடு வேண்டாம். கறுப்புத் துணி வேண்டாம். விரலால் தொட்டால் போதும். எடுக்கிறவர்கள் எலும்புக்கூடு உருவத்தை மட்டும் எடுத்துவிட்டு வராமல், ஏதாவது ஒரு பெயர்ப் பலகையையும் தெளிவாக எடுத்து வந்தால் அது ஒரு நாள் உதவும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது.

பல வீடுகளில் சுவரில் மாலை போட்ட பழைய படம் ஒன்று தொங்கும். தாத்தாவின் தகப்பனாராக இருக்கலாம். பாட்டியின் அக்காளாக இருக்கலாம். வீட்டில் உள்ள மூத்தவருக்கு மட்டும் அவர் யார் என்று தெரியும். அந்த மூத்தவரும் போய்விட்டால் படம் மட்டும் நிற்கும், பெயர் போய்விடும். ஆதிச்சநல்லூர்த் தாழி போல.

இன்றைக்கே அந்தப் படத்தைக் கழற்றித் தூசி தட்டுங்கள். மூத்தவரைக் கேளுங்கள். பெயர், ஊர், பிறந்த ஆண்டு, செய்த தொழில் ஆகியவற்றைப் படத்தின் பின்னால் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

நாலு வரிதான். கருங்கல்லைவிட அது நீண்ட நாள் பேசும்.